பரமேறிய நாள் தொதல்

எங்கள் வீட்டின் மிகப் பெரிய பெருநாள் ஒரு வியாழக்கிழமையில் வரும். கல்முனையில் அந்த நாளை ஒருவரும் கண்டுகொள்ள மாட்டார்கள். பள்ளிக்கூடம் நடக்கும், கந்தோர்கள் திறந்திருக்கும், சந்தையில் மீன்காரர் வழக்கம்போலக் கத்துவார்கள். எங்கள் சேர்ச்சிலேயே அன்று விடியற்காலை ஆராதனைக்கு முன்வரிசை வாங்குகள் நிறைந்தால் போதகர் பூரித்துப்போவார். நத்தாருக்கு, இயேசு பிறந்த நாளுக்கு, இடமில்லாமல் வெளியில் நிற்கிற அந்தப் பெரிய கூட்டமெல்லாம் அன்றைக்கு எங்கே போய் ஒளிந்துகொள்கிறது என்று நான் கேட்டால், அம்மா என் தொடையில் கிள்ளுவார்.

அதுதான் இயேசு பரமேறிய நாள். கல்முனை பசாரில் அப்பாவுக்கு ஒரு ரேடியோ திருத்தும் கடை இருந்தது. நத்தாருக்குக்கூட அரைநாள் திறந்துவைக்கிற மனிதர், பரமேறிய நாளுக்கு முழுநாளும் கடையைப் பூட்டிவிடுவார். அவரிடம் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் முஸ்லிம்கள். “என்ன ரேடியோ பாஸ், இண்டைக்கு என்ன விசேஷம்?” என்று வீட்டுக்கே வந்து கேட்பார்கள். அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, “நம்மட ஆள் ஒருத்தர் பெரிய இடத்துக்குப் போன நாள்” என்பார்.

அந்தப் பேச்சு அவர்களுக்குச் சட்டென்று விளங்கும். அந்தக் காலத்தில் அம்பாறைக் கச்சேரி என்கிற அரசாங்கக் கந்தோரில் ஒரு கடதாசி மேசை விட்டு மேசைக்கு நகர வேண்டுமென்றால், உள்ளே நம்முடைய ஆள் ஒருவர் இருக்க வேண்டும். இல்லாதவன் வாசலில் நின்று வெயிலில் காய வேண்டியதுதான். அப்பாவின் வேதபாடம் முழுவதும் அந்தக் கச்சேரி வாசலில் நின்று படித்தது. “நத்தாருக்கு அவர் இஞ்ச வந்தார். அது நமக்குக் கிடைச்ச மரியாதை. ஆனா பரமேறின அண்டைக்குத்தான் நம்மள மாதிரிக் கையும் காலும் உள்ள ஒருத்தர், அடிபட்ட தழும்போட, அங்க போய் இருந்தார். இனி நமக்கு என்ன பயம்?” என்று வருஷா வருஷம் எங்களை இருத்திவைத்துச் சொல்வார். போதகர் சொன்னதில் பாதியையும் தன்னுடைய கற்பனையில் பாதியையும் கலந்து சொல்வார் என்று அம்மா சிரிப்பார். ஆனால் ஒருநாளும் மறுத்ததில்லை.

அந்த நாளுக்கென்று எங்கள் வீட்டில் தொதல் என்கிற ஒரு இனிப்பு உண்டு. தொதல் கிண்டுவது லேசுப்பட்ட வேலையல்ல. தேங்காய்ப்பாலும் சிவப்பரிசி மாவும் சர்க்கரையும் பெரிய தாச்சியில் ஏறிவிட்டால், எண்ணெய் கக்கி இறுகும்வரை கை ஓயக் கூடாது. ஓய்ந்தால் அடிப்பிடித்துவிடும். அடிப்பிடித்த தொதலை நாய்கூட மோந்துபார்த்துவிட்டுப் போய்விடும். கிண்டுவது எப்போதும் அப்பாதான். சாறனை மடித்துக் கட்டிக்கொண்டு, வேர்க்க விறுவிறுக்க, ஞானப்பாட்டுகளை ராகம் பிழைக்கப் பிழைக்கப் பாடிக்கொண்டு கிண்டுவார். ஆறியதும் வெட்டிப் பீங்கானில் அடுக்கி, ஒழுங்கையில் உள்ள வீடுகளுக்கெல்லாம் அனுப்புவார். கொண்டுபோய்க் கொடுப்பது நான். போகிற வழியில் ஓரத்துத் துண்டுகள் குறைந்துபோவதும் வழக்கம்.

சூறாவளி எங்கள் கரையைப் புரட்டிப்போட்டு இரண்டாவது வருஷம், எனக்குப் பத்து வயது. உயிர்த்த ஞாயிறு விடியற்காலை, கடற்கரை ஆராதனைக்குப் போகவென்று அப்பா சேட்டுக்குப் பொத்தான் பூட்டிக்கொண்டிருந்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கதிரையில் இருந்தார். அவ்வளவுதான். கடற்கரையில் எல்லோரும் எழும்பினார் எழும்பினார் என்று பாடிக்கொண்டிருந்த நேரம் எங்கள் அப்பா எழும்பவில்லை. எனக்கு ஆண்டவர்மேல் வந்த கோபம் பொல்லாத கோபம்.

செத்தவீட்டைத் தூக்கி நிறுத்தியது மாமிதான், அப்பாவின் அக்கா. பாண்டிருப்பில் இருந்து வந்தவர், ஒப்பாரியிலும் முன்னுக்கு நின்றார், வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றுவதிலும் முன்னுக்கு நின்றார். அம்மாவின் பக்கத்து ஆட்கள் திருகோணமலையில், வயதானவர்கள். வந்து அழுதுவிட்டுப் போய்விட்டார்கள். மாமியின் புருஷன் கடையைத் திறந்து, அப்பா குறையில் விட்ட ரேடியோக்களைத் தனக்குத் தெரிந்தமட்டும் திருத்திக் கொடுத்துக்கொண்டிருந்தார். வெளிப்படையாகச் சொன்னால், மாமியின் தயவில்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது.

அம்மா அழவில்லை. இதுதான் எல்லோருக்கும் பெரிய கதையாகிவிட்டது. வெள்ளைச் சேலையைக் கட்டிக்கொண்டு, வேலைகளைச் செய்துகொண்டு, கேட்டதற்குப் பதில் சொல்லிக்கொண்டு இருந்தார். “கல்லு மாதிரி இருக்கா” என்று ஒழுங்கையில் கதைத்தார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நான் தலையணை நனைய அழுதேன், மாமி ஊர் கேட்க அழுதார், இந்த மனுஷிக்கு மட்டும் கண்ணீர் எங்கே போயிற்று என்று உள்ளுக்குள் பொருமிக்கொண்டிருந்தேன்.

இப்படியிருக்க, ஒரு புதன்கிழமை பின்னேரம் அம்மா அரிசியை ஊறப்போட்டார். மாமி குசினி வாசலில் நின்று, “என்னத்துக்குப் புள்ள இவ்வளவு அரிசி?” என்று கேட்டார்.

“நாளைக்குப் பரமேறின நாள், மதினி. தொதல் கிண்டப் போறன்.”

மாமிக்கு முதலில் காது கேட்கவில்லை போலிருந்தது. பிறகு கேட்டது. “உனக்கென்ன விசரா? செத்தவீடுகா இது! வருஷம் திரும்புமட்டும் இனிப்புச் சட்டி அடுப்பில ஏறப்படாது. ஊர் காறித் துப்பும்.”

“அவர் இருந்திருந்தா நாளைக்குக் கிண்டியிருப்பார்தானே?”

“அவன் இல்லையே!”

“ஓம், இல்ல. அதாலதான் கட்டாயம் கிண்டோணும்” என்றார் அம்மா. குரலில் சண்டையும் இல்லை, கெஞ்சலும் இல்லை. நாளைக்கு வியாழக்கிழமை என்று சொல்வதுபோலச் சொன்னார்.

அந்த நிதானம்தான் மாமியை வெறிகொள்ள வைத்தது. “அந்தத் தாச்சி அடுப்பில ஏறிச்செண்டா, இந்த வளவுக்குள்ள நான் கால் வைக்க மாட்டன். என்ட மனுசனும் கடைப்பக்கம் வரமாட்டார். பிறகு உன்ட பாடு, உன்ட பிள்ளைட பாடு” என்று சொல்லிவிட்டுச் சேலைத் தலைப்பை உதறிக்கொண்டு போனார். அம்மா அரிசியைக் களைந்து தண்ணீரை முருங்கையடியில் ஊற்றினார்.

எனக்கு மாமி சொன்னதுதான் நியாயமாகப் பட்டது. கடையை யார் பார்ப்பது, சோற்றுக்கு என்ன செய்வது என்ற பயம் ஒருபக்கம். அதைவிடப் பெரிய கொதி, அப்பா போன வீட்டில் இனிப்பா என்பது. அம்மா அப்பாவை மறந்துவிட்டார் என்றே நான் முடிவுகட்டிவிட்டேன். பத்து வயதில் முடிவுகட்டுவது மிகவும் சுகமான காரியம்.

மறுநாள் விடியவே சேர்ச்சுக்குப் போனோம். சூறாவளி தூக்கிக்கொண்டுபோன கூரைக்குப் பதிலாகத் தகரம் போட்டிருந்தார்கள். அதன்மேல் காகங்கள் நடக்கிற சத்தம்கூடக் கேட்டது, ஆட்கள் அவ்வளவு குறைவு. போதகர் பிரசங்கத்தில், சீஷர்கள் தங்கள் கண்முன்னால் அவர் மேகத்துக்குள் மறைந்ததைப் பார்த்துவிட்டு, மிகவும் சந்தோஷமாக ஊருக்குத் திரும்பினார்கள் என்று சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சீ, என்ன மனுசர் இவர்கள்! கூடவே திரிந்தவர், கரையில் மீன் சுட்டு வைத்துக்கொண்டு சாப்பிடக் கூப்பிட்டவர், போயே போய்விட்டார். இவர்கள் சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்களாம். பக்கத்தில் பார்த்தால் அம்மா கடைசிப் பாட்டை முழுக்குரலில் பாடிக்கொண்டிருந்தார்.

வருகிற வழியில் அடக்கமாட்டாமல் கேட்டேன். “அவர் போனதுக்கு ஏன் அவங்க சந்தோஷப்பட்டவங்க?”

“அவர் போன வழி இனி அவங்களுக்கும் திறந்திருக்கு எண்டதால” என்றார் அம்மா. அது எனக்குச் சரியான பதிலாகத் தெரியவில்லை. வழி திறந்திருந்தால் திரும்பி வரவும் முடியும்தானே என்று நினைத்துக்கொண்டு நடந்தேன்.

கிணற்றடியில் மூன்று கல் வைத்து அம்மா தாச்சியை ஏற்றினார். சூறாவளியில் எங்கள் வளவுத் தென்னைகள் எல்லாம் விழுந்துபோனதால், தேங்காய் பக்கத்து வீட்டு ராத்தாவிடம் வாங்கியது. ராத்தா அம்மாவுக்கு மூத்தவர். முஸ்லிம்கள் அக்காவை ராத்தா என்பார்கள். அம்மா அப்படிக் கூப்பிட்டதால் நானும் அப்படியே கூப்பிட்டேன். அவருடைய புருஷன் குருநாகல் பக்கமிருந்து லொறியில் தேங்காய் ஏற்றிவந்து விற்பவர். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு கிடுகு வேலி. அதில் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு பொட்டு. அந்தப் பொட்டை அடைக்க வேண்டும் என்று இரண்டு வீட்டு ஆம்பிளைகளும் பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

வளவுக்குள் கால் வைக்கமாட்டேன் என்ற மாமி, தாச்சி ஏறுகிறதா என்று பார்ப்பதற்காகப் பாண்டிருப்பிலிருந்து நடந்தே வந்துவிட்டார். ஆனால் சொன்ன சொல் மாறாதவர். கடப்படிக்கு வெளியே, ஒழுங்கையிலேயே, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். போகிற வருகிற ஆட்களுக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் குடையைச் சரிசெய்வதுபோலப் பாவனை பண்ணிக்கொண்டிருந்தார்.

மாவும் பாலும் தண்ணீராக இருக்கும்வரை அம்மாவுக்குச் சமாளிக்க முடிந்தது. இறுகத் தொடங்கியதும் அகப்பை நகர மறுத்தது. நானும் பிடித்துப் பார்த்தேன். அது என்னை இழுத்ததே தவிர நான் அதை இழுக்கவில்லை. அம்மா கை மாற்றி மாற்றிப் பிடித்தார். வெள்ளைச் சேலையெல்லாம் கரி. தாச்சியின் ஓரத்தில் கருகல் வாசம் லேசாக எழும்பியபோது, அடிப்பிடிக்கட்டும், எல்லாம் பாழாய்ப் போகட்டும் என்று மனதார வேண்டிக்கொண்டேன்.

அப்போதுதான் வேலிப் பொட்டால் ராத்தா வந்தார். பின்னால் அவருடைய இரண்டு பெண்மக்கள், ஆளுக்கொரு பாத்திரத்தோடு.

“என்ன புள்ள நீ! நாப்பதுக்கு ஆக்கிறண்டா ஒரு வார்த்தை சொல்லப்படாதா? விடிஞ்சதிலிருந்து காதக் குடுத்துக்கொண்டு இரிக்கன், ஒரு சத்தத்தையும் காணல்ல. மணம் வந்த பிறகுதான் தெரியும்.”

அம்மாவுக்கு விளங்கவில்லை. ராத்தா ஆட்களிடம் ஒருவர் மௌத்தானால் நாற்பதாம் நாளில் சமைத்து, ஓதி, அயலுக்குக் கொடுப்பார்கள். எங்களுக்கு முப்பத்தோராம் நாள் ஜெபத்தோடு அந்த அலுவல் முடிந்துவிடும், முடிந்தும் விட்டது. ஆகவே அம்மா, “இல்ல ராத்தா, இது அவருக்கில்ல. இண்டைக்கு இயேசு பரமேறின நாள். ஒவ்வொரு வருஷமும் கிண்டுறதுதானே” என்றார்.

“அது எனக்குத் தெரியாதா? ஈஸா நபிய அல்லாஹ் உசுரோட உசத்தினது எங்கட ஆக்களுக்கும் தெரிஞ்ச விஷயம்தானே. ஆனா இண்டைக்கு நாப்பதில்லையா? பாஸ் மௌத்தானது உங்கட பெருநாள் விடியக்காலையில. நான் அண்டையிலிருந்து எண்ணிக்கொண்டு வாறன். என்ட கணக்குப் பிழைக்காது.”

அகப்பை நின்றது. உயிர்த்த ஞாயிறிலிருந்து நாற்பதாம் நாள்தான் பரமேறிய நாள். அது சின்னப்பிள்ளை எனக்கும் தெரியும். அப்பா உயிர்த்த ஞாயிறில்தான் போனார். அதுவும் தெரியும். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இயேசுவுக்கு எண்ணிய அம்மா அப்பாவுக்கு எண்ணவில்லை. அவருக்காக நாள் எண்ணிக்கொண்டிருந்தது வேலிக்கு அந்தப் பக்கத்து மனுஷி.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு பொத்த முடியவில்லை. அத்தனை நாளும் அடக்கிவைத்தது எல்லாம் வெடித்துக்கொண்டு வந்தது. கிணற்றுக்கட்டில் சாய்ந்து, குழந்தைபோல வாய்விட்டு அழுதார். இதைத்தானே நான் இவ்வளவு காலமும் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்? வந்தபோது எனக்கு அது வேண்டாமென்று ஆகிவிட்டது. அம்மாவின் கால்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, “அழாதீங்கம்மா, அழாதீங்கம்மா” என்று நானும் கத்தினேன்.

ராத்தா எங்களைத் தேற்ற வரவில்லை. தொதல் அடிப்பிடிக்கிறதே! அகப்பையைத் தூக்கி மகளின் கையில் கொடுத்தார். “கிண்டுடி!” என்றார். அடுத்துத் தலையைத் தூக்கிப் பார்த்தபோதுதான் கடப்படியில் குடையோடு நிற்கிற மாமி கண்ணில் பட்டார்.

“என்னகா, அங்க நிண்டு என்ன புதினம் பாக்கிறாய்? தம்பிட நாப்பதுக்கு அக்காக்காரி றோட்டிலயா நிக்கிற?”

மாமி வாயைத் திறந்தார். இது நாற்பதுக்கில்லை என்று சொல்ல வந்தவர், நடுவில் நிறுத்திவிட்டு விரலை மடக்கி எண்ணத் தொடங்கினார். உதடு அசைந்தது. எண்ணி முடித்ததும் முகம் மாறிவிட்டது. குடையை வேலியில் கொழுவிவிட்டு விறுவிறென்று உள்ளே வந்தார். நான் பயந்து அம்மாவின் பின்னால் ஒளிந்தேன். மாமி நேரே தாச்சியடிக்குப் போய், ராத்தாவின் மகளின் கையிலிருந்து அகப்பையைப் பிடுங்கினார். “விடுங்க, உங்களுக்குப் பதம் தெரியாது” என்றார். மூக்கைச் சிந்திக்கொண்டே கிண்டினார்.

பிறகு அம்மா முகத்தைக் கழுவிக்கொண்டு மாமியின் பக்கத்தில் போய் நின்று, அகப்பையின் மறுபக்கத்தைப் பிடித்தார்.

“மதினி, நான் அவர மறந்து கிண்டல்ல. அவர் ஆருமில்லாத இருட்டுக்குள்ள போகல்ல. அங்க ஒருத்தர் இருக்கார். செத்துப் பார்த்தவர், நம்மட நோவு தெரிஞ்சவர். அவர் இவரக் கைபிடிச்சுக் கூப்பிட்டிருப்பார். இத நான் இண்டைக்கு நம்பாட்டி, மறுகா எண்டைக்கு நம்பிறது?” அழுகை முழுதாக ஓயவில்லை, ஆனால் சிரித்துக்கொண்டே சொன்னார். கன்னத்தில் கண்ணீரும் உதட்டில் சிரிப்புமாக ஒரு ஆள் நிற்பதை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

மாமி தாச்சியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “ஓம், ஓம். அதெல்லாம் சரி. சர்க்கரை குறைச்சுப் போட்டிட்டாய்” என்றார். ராத்தாவின் மகள்மார் முக்காட்டுக்குள் சிரித்தார்கள். மாமாவும் வழக்கம்போலவே மறுநாள் கடைக்கு வந்தார். அதைப்பற்றி அதன்பிறகு ஒருவரும் ஒரு கதையும் கதைக்கவில்லை.

பின்னேரம் தொதலை வெட்டிப் பீங்கான்களில் வைத்து என்னிடம் தந்தார்கள். கேட்டவர்களுக்கு இது பரமேறிய நாளுக்கு என்று சொல்வதா, அப்பாவின் நாற்பதுக்கு என்று சொல்வதா என்று கேட்டேன். “ரெண்டுக்கும் எண்டு சொல்லு” என்றார் அம்மா. அப்படியே சொன்னேன். அந்த வருஷம் ஓரத்துத் துண்டுகள் குறையவில்லை.

கடைசிப் பீங்கான் ராத்தா வீட்டுக்கு. நடுவறையில் பாய் விரித்து ஒழுங்கைப் பெண்கள் சிலர் இருந்தார்கள். ராத்தா இரண்டு கையையும் விரித்து ஏந்திக்கொண்டு துஆ கேட்டுக்கொண்டிருந்தார். தமிழில்தான் கேட்டார். அந்தப் பெண்ணுக்குப் பொறுமையைக் கொடு, அந்தப் பிள்ளைக்கு ஒரு வழியைக் காட்டு, அந்த வீட்டின் கதவைப் பூட்டிப் போடாதே என்று. அந்தப் பிள்ளை நான்தான் என்று விளங்க எனக்குக் கொஞ்சம் நேரம் எடுத்தது. மற்றவர்கள் ஆமீன், ஆமீன் என்றார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பீங்கானை மேசையில் வைத்துவிட்டு வேலிப் பொட்டால் ஓடிவந்துவிட்டேன்.

வந்து எல்லாவற்றையும் மாமியிடம் ஒப்புவித்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னிடம் மனப்பாட வசனம் கேட்டுக் காதைத் திருகுகிற மாமி. மற்ற ஆட்களின் தொழுகைப் பக்கம் எட்டிப்பார்த்ததற்கு இன்றைக்கும் திருகு விழும் என்றுதான் எதிர்பார்த்தேன்.

“உனக்காகக் கேட்டாங்களா?” என்றார் மாமி.

“ஓம்.”

“நீ ஆமென் சொன்னியா?”

“இல்ல.”

“உனக்காக ஒரு மனுஷி கையேந்திக் கேட்டிருக்கா, நீ வாயப் பொத்திக்கொண்டு ஓடிவந்திட்டியா? போ! போய்ச் சொல்லிட்டு வா!”

முணுமுணுத்துக்கொண்டு திரும்பிப் போனேன். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. பெண்கள் போய்விட்டார்கள், ராத்தாவின் குரல் எங்கேயோ பின்வளவில் கேட்டது. நடுவறையில் பாய் மட்டும் கிடந்தது. என்ன செய்வது? சொல்லாமல் போனால் மாமி விடமாட்டார். பாய்க்கு முன்னால் நேராக நின்றுகொண்டு, வேலிக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி, “ஆமென்!” என்று கத்தினேன்.

வீட்டுக்கு வந்தபோது அம்மாவும் மாமியும் குந்தியிருந்து தாச்சியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள்.

“சொன்னியா?”

“சொன்னன். ஆனா கேக்கிறதுக்கு அங்க ஒருத்தரும் இல்ல.”

அம்மா மாமியைப் பார்த்தார். மாமி அம்மாவைப் பார்த்தார். “சொன்னாய்தானே? அப்ப சரி” என்றார்கள் இரண்டு பேரும், ஒரே நேரத்தில், ஒரே குரலில். அத்தனை நாளில் அவர்கள் இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். இவர்களுக்கு உண்மையிலேயே விசர்தான் என்று நினைத்துக்கொண்டேன். ஆளில்லாத அறையில் சொல்லிவிட்டு வந்த ஒரு சொல் எப்படிச் சரியாகும் என்று அன்றைக்கு எனக்கு விளங்கவேயில்லை.